வீட்டு ஜன்னல், ஒரு வெள்ளை வேட்டி, வேலியோரப் பூ: ஒயிட் பேக்ரவுண்ட் போட்டோ எடுக்க முழுமையான வழிகாட்டி

கண்மாய்க் கரையில, ரோட்டோரத்துல, காலி பிளாட்டுல தானா முளைச்சுக் கெடக்குற பூவ வீட்டுக்குள்ள கொண்டு வந்து சுத்த வெள்ளை பேக்ரவுண்ட்ல எடுக்கறத பத்தி ஒரே இடத்துல முழுசா எழுதிடணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டு இருந்தேன். இதுக்கு ஸ்டுடியோ வேண்டாம், பெரிய ஃபிளாஷ் செட்டு வேண்டாம், கேமரா பழசா இருந்தாலும் பரவால்ல, மொபைல் மட்டும் இருந்தாலும் பாதி தூரம் போகலாம். ஆனா ஒரு விஷயம் மட்டும் மனசுல நின்னுடணும், அத மொதல்லயே சொல்லிடறேன்: பேக்ரவுண்டுக்கு விழற வெளிச்சம் வேற, பூவுக்கு விழற வெளிச்சம் வேற, ரெண்டையும் தனித்தனியா கூட்டிக் குறைக்க முடியற மாதிரி வச்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா வரும். வெள்ளை எவ்வளவு வெள்ளையா இருக்கணும்னா பூவோட ஓரத்தத் திங்காத அளவுக்குத்தான், அதுக்கு மேல ஒரு பொட்டு கூட வேண்டாம்.

எதுக்கு வெள்ளை? தும்பையவே எடுத்துக்கோங்க. அது நிக்கற எடத்துல பின்னாடி புல்லு, காஞ்ச சருகு, ஒரு பாலிதீன் கவர், அதுக்கு நடுவுல ஒரு சென்டிமீட்டர் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கற வெள்ளைப் பூவு, கண்ணு அதுல நிக்கவே நிக்காது. அதே தும்பைய தனியா வெள்ளைக்கு முன்னாடி நிறுத்திப் பாருங்க, தண்டு உருண்டையா இல்லாம நாலு பட்டையா இருக்கறது தெரியும், தண்டு பூரா பூனை முடி மாதிரி ரோமம் தெரியும், பூவோட மேல் உதடு ஒரு குல்லா மாதிரி வளைஞ்சு அதுக்கு மேல பஞ்சு ஒட்டுன மாதிரி இருக்கும், கீழ் உதடு மட்டும் அகலமா விரிஞ்சு பூச்சி வந்து உக்கார திண்ணை போட்ட மாதிரி இருக்கும். சின்ன வயசுல இருந்து பாத்த செடிதான், ஆனா எனக்கு இதெல்லாம் தெரிஞ்சது இந்த மாதிரி போட்டோ எடுக்க ஆரம்பிச்ச பிறகுதான்.

இது புதுசா வந்த ஸ்டைலும் இல்ல. 1800கள்ல மெட்ராஸ் மாகாணத்துல டாக்டரா வேலை பார்த்துக்கிட்டே செடிகள ஆராய்ச்சி பண்ண ராபர்ட் வைட்டுக்காக ரங்கையா, கோவிந்துன்னு ரெண்டு ஓவியர்கள் நம்ம ஊர்ச் செடிகள வெறும் காகிதத்துல, பின்னாடி எதுவுமே வரையாம, தண்டு, இலை, பூ, பூவோட உள்பாகம்னு வரைஞ்சு வச்சாங்க. செடிய அதோட சூழல்ல இருந்து கொஞ்ச நேரம் பிரிச்சு வச்சாத்தான் அதோட உருவம் புரியும்ங்கறது அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு. நம்ம காலத்துல நியல் பென்வி, கிளே போல்ட்னு ரெண்டு போட்டோகிராபர்கள் 2009ல மீட் யுவர் நெய்பர்ஸ்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சு, பக்கத்துல இருக்கற சாதாரண செடி, பூச்சி, தவளையெல்லாம் வெள்ளை பேக்ரவுண்ட்ல எடுத்துக் காமிச்சாங்க. அவங்க பெரும்பாலும் களத்துலயே வெள்ளை ஷீட்ட கொண்டுபோய் எடுப்பாங்க, நாம வீட்டுக்குள்ள எடுக்கப் போறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

எந்தப் பூவ எடுக்கலாம், எத எடுக்கக் கூடாது

ரிசர்வ் ஃபாரஸ்ட், சரணாலயம், தேசியப் பூங்கா இங்க இருந்தெல்லாம் ஒரு இலை கூட பறிக்கக் கூடாது, சட்டப்படியே தப்பு. நீலக்குறிஞ்சிய பாதுகாக்கப்பட்ட செடிகள் பட்டியல்லயே சேர்த்துட்டாங்க, அத நின்ன எடத்துலயே பாத்து அங்கயே போட்டோ எடுத்துட்டு வந்துடுங்க. நமக்கு வேண்டியது ஊருக்குள்ளயே நிறைய இருக்கு: தும்பை, ஆவாரை, துத்தி, நெருஞ்சி, விஷ்ணுகிராந்தி, கண்டங்கத்தரி, குப்பைமேனி, நாயுருவி, எருக்கு, சிறுபூளை, வெட்டுக்காயப் பூண்டு. உண்ணிச்செடியெல்லாம் வெளிநாட்டுல இருந்து வந்து நம்ம காட்டையே மூடிட்டு இருக்கு, அத எவ்வளவு வேணா வெட்டிட்டு வாங்க. மத்ததுல என்னோட கணக்கு, ஒரு எடத்துல பத்துப் பதினஞ்சு செடியாவது இருந்தாத்தான் ஒண்ணுல இருந்து ஒரு கிளை எடுப்பேன், வேரோட பிடுங்கறது கெடையவே கெடையாது. அடுத்தவங்க வேலியில இருந்தா கேட்டுட்டு எடுங்க, "அண்ணே, இந்தக் கொடியில ஒரு பூ மட்டும் எடுத்துக்கட்டுமா"ன்னு கேட்டா யாரும் இல்லன்னு சொன்னது இல்ல, பாதி பேரு அந்தப் பூவ பத்தி அவங்களுக்குத் தெரிஞ்சதையும் சேத்து சொல்லி அனுப்புவாங்க.

விஷம் பத்தி கண்டிப்பா சொல்லணும். எருக்கம்பால் கண்ணுல பட்டா கருவிழியே பாதிக்கும், எருக்க ஒடிச்ச கையோட வியூஃபைண்டர்ல கண்ண வைக்கவே வைக்காதீங்க, சோப்பு போட்டுக் கழுவிட்டு வந்து உக்காருங்க. ஊமத்தை பூரா விஷம், அதோட சாறு கண்ணுல பட்டா பாப்பா விரிஞ்சு பார்வை மங்கும். செங்காந்தள் கிழங்கு உயிருக்கே ஆபத்து, கிழங்கு மட்டும் இல்ல, அந்தக் கொடி முழுக்கவே விஷம்தான். பார்த்தீனியத்த வீட்டுக்குள்ளயே கொண்டு வராதீங்க, அலர்ஜியும் மூச்சுத் திணறலும் உள்ளவங்க வீட்டுல இருந்தா பெரிய தொல்லை. சின்னப் பசங்க இருக்கற வீடுன்னா எடுத்து முடிச்சதும் மேசைய தொடைச்சு, பூவ மறக்காம வெளிய போட்டுடுங்க.

நேரம் ரொம்ப முக்கியம். விஷ்ணுகிராந்தி காலையில விரிஞ்சு மதியத்துக்குள்ள சுருங்கிடும், நீங்க பத்து மணிக்குப் பறிச்சு பன்னெண்டு மணிக்கு செட்டப் போட்டா கையில ஒண்ணும் இருக்காது. துத்தி அதுக்கு நேர் எதிர், காலைல போனா எல்லாம் மொட்டா மூடிக் கெடக்கும், மதியத்துக்கு மேலதான் மஞ்சளா விரியும். ஊமத்தை பொழுது சாயறப்போதான். அதனால பூவ பறிச்சுட்டு செட்டப் போடாதீங்க, செட்டப்ப போட்டு, ஒரு வேப்பங்கொத்த வச்சு டெஸ்ட் ஷாட் எல்லாம் எடுத்து முடிச்சுட்டு அப்புறம் பூவுக்குப் போங்க. நான் மொத தடவை செங்காந்தள் எடுத்தப்போ மதியம் ரெண்டு மணி வெயில்ல பறிச்சு, பைக்குல முன்னாடி கவர்ல தொங்கவிட்டு, இருபது நிமிஷத்துல வீட்டுக்கு வந்தேன், வந்து பாத்தா இதழெல்லாம் துவண்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடந்துச்சு, அந்த வேலியில அன்னைக்கு விரிஞ்சு இருந்ததே அந்த ஒரு பூவுதான். இன்னைக்கும் அந்த வேலியத் தாண்டும்போது அது ஞாபகம் வரும்.

கொண்டு வர்றதுக்கு ஒரு பெரிய டிபன் பாக்ஸ் போதும். அடியில ஈரத்துணி, அதுக்கு மேல பூவ படுக்க வச்சு லேசா மூடி. தண்டு வெட்டும்போது கூர்மையான பிளேடால சாய்வா வெட்டுங்க, வெட்டின நுனிய ஈரப் பஞ்சுல சுத்துங்க. வீட்டுக்கு வந்ததும் இன்னொரு தடவை ஒரு அரை இஞ்ச் வெட்டிட்டு தண்ணியில ஒரு அரை மணி நேரம் விடுங்க, துவண்டது பாதி நிமிந்துடும். எருக்கு மாதிரி பால் வடியறதுக்கு வெட்டின நுனிய சுடுதண்ணியில சில நொடி முக்கி எடுத்தா பால் நின்னுடும். தும்பைக்கு இது எதுவுமே வேலைக்காகாது, பூவுல கை பட்டாலே உதிர்ந்துடும், அதனால பூவு இருக்கற தலையத் தொடாம கீழ் தண்ட மட்டும் புடிச்சு, ஒரு டம்ளர்ல நிக்க வச்சபடியே கொண்டு வாங்க.

ஜன்னல் செட்டப்

வீட்டுல இருக்கறதுலயே வெளிச்சம் நல்லா வர்ற, ஆனா நேரடி வெயில் விழாத ஜன்னல் ஒண்ணு எடுத்துக்கோங்க. புஸ்தகத்துல எல்லாம் வடக்கு ஜன்னல்னு போட்டிருப்பாங்க, நம்ம ஊர்ல அது முழுசா சரி இல்ல, மதுரை பக்கம் ஏப்ரல் நடுவுல இருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கால நிக்கும், அந்த மாசங்கள்ல வடக்கு ஜன்னல்லயும் வெயில் எட்டிப் பாக்கும். அதனால திசைய விட, அந்த நேரத்துல வெயில் நேரா விழுதா இல்லையான்னு மட்டும் பாருங்க. லேசா மேகம் போட்ட நாள்னா அதுதான் சரியான நாள்.

அந்த ஜன்னல்ல ஒரு வெள்ளை வேட்டிய இழுத்துக் கட்டுங்க. சுருக்கம் இல்லாம அயன் பண்ணி, நாலு மூலையிலயும் துணி கிளிப் போட்டு டைட்டா, கரை ஃப்ரேமுக்குள்ள வராத மாதிரி. ஒரு மடிப்புல ஜன்னல் கம்பி நிழலாத் தெரிஞ்சா ரெண்டா மடிச்சுக் கட்டுங்க, இல்லன்னா வேட்டிய கம்பியில இருந்து ஒரு அடி தள்ளி ஒரு கயித்துல தொங்க விடுங்க, நிழல் கரைஞ்சு போயிடும். இங்க ஒரு சின்ன விஷயம் இருக்கு, சொட்டு நீலம் போட்டுத் தொவைச்ச வேட்டியா இருந்தா படம் பூரா லேசா நீலம் பாயும், அதனால நீலம் போடாத வேட்டியா பாத்து எடுங்க, இல்லாட்டி ஒயிட் பேலன்ஸ, அதாவது கேமரா எத வெள்ளைன்னு எடுத்துக்கணும்ங்கற செட்டிங்க, அந்த வேட்டியவே வச்சு செட் பண்ணிடுங்க. வேட்டிக்குப் பதிலா போர்டு செய்யற கடையில கெடைக்கற பால் வெள்ளை அக்ரிலிக் ஷீட், 3 மில்லிமீட்டர் தடிமன்ல ஒரு துண்டு வாங்கிட்டா இன்னும் வசதி, மடிப்பும் இல்ல, நூல் தெரியறதும் இல்ல.

இந்த வேட்டிதான் உங்க பேக்ரவுண்ட், அதே நேரத்துல அதுதான் பின்னாடி இருந்து வர்ற லைட்டும். பூவ இதுக்கு முன்னாடி ரெண்டு அடி தள்ளி வைங்க. ஒட்டி வச்சா துணியோட இழை ஃபோகஸ்ல வந்துடும், பின் வெளிச்சம் தண்டச் சுத்தி வளைஞ்சு வந்து ஓரத்தையும் மெலிசாக்கிடும்.

இப்போ பூவோட முன்பக்கம் இருட்டா இருக்கும். அதுக்கு தெர்மாகோல் ஷீட் ரெண்டு, கேமராவுக்கு இடது பக்கம் ஒண்ணு வலது பக்கம் ஒண்ணு, பூவப் பாத்து லேசா சாய்ச்சு, ஒரு புஸ்தகத்த பாதி தொறந்த மாதிரி. ஜன்னல்ல இருந்து வர்ற வெளிச்சம் தெர்மாகோல்ல பட்டுத் திரும்பி பூ மேல விழும். பக்கத்துல கொண்டு வந்தா பூவு வெளிச்சமாகும், தள்ளி வச்சா இருட்டாகும், பேக்ரவுண்டு மட்டும் மாறவே மாறாது. மொதல்ல சொன்னேன்ல, ரெண்டையும் தனித்தனியா கன்ட்ரோல் பண்ணணும்னு, அது இதுதான். ஒரு பக்கத்த மட்டும் கொஞ்சம் தள்ளி வச்சா பூவுக்கு ஒரு உருண்டை வரும், ரெண்டும் சமமா இருந்தா ஸ்கேன் பண்ண மாதிரி தட்டையா இருக்கும், எனக்கு எப்பவும் இடது பக்கம் கொஞ்சம் கிட்ட இருக்கறதுதான் பிடிக்கும்.

அடுத்து எல்லாரும் விட்டுடற ஒண்ணு. ஃப்ரேமுக்கு வெளிய இருக்கற வெள்ளையும் லென்ஸுக்குள்ள போகும், போயி படம் பூரா ஒரு பால் பூசுன மாதிரி ஆக்கிடும், பச்சை வெளுத்துடும், மெல்லிசான காம்பு பாதி காணாமப் போயிடும். அதனால கறுப்பு சார்ட் பேப்பர வேட்டிக்கு முன்னாடி நாலு பக்கமும் ஒட்டி, ஃப்ரேமுக்கு வேண்டியதுக்கு ஒரு கை அகலம் கூடுதலா மட்டும் வெள்ளைய விட்டுட்டு மீதிய மூடிடுங்க. லென்ஸ் ஹூட் இருந்தா போடுங்க. லென்ஸ் முன் கண்ணாடிய சுத்தமா தொடைங்க, வெள்ளைக்கு எதுத்தாப்புல எடுக்கறப்போ ஒரு விரல் ரேகை கூட மங்கலாத் தெரியும்.

அறையில டியூப் லைட், பல்பு எல்லாத்தையும் அணைச்சுடுங்க, ரெண்டு கலர் வெளிச்சம் கலந்தா அப்புறம் எடிட்டிங்ல உயிர் போகும். ஃபேனையும் அணைக்கணும். வேர்க்கும், ஆனா வேற வழியே இல்ல, நெருஞ்சிக் கொடியோட நுனியெல்லாம் நாம மூச்சு விட்டாலே ஆடும்.

பூவ நிக்க வைக்கறது

மருந்து குப்பி, அந்த சின்ன கண்ணாடி இன்ஜெக்‌ஷன் பாட்டில நல்லாக் கழுவி தண்ணி ஊத்தி அதுல தண்ட சொருகி வாயில பஞ்ச அடைச்சா மணிக்கணக்குல வாடாம நிக்கும். ஃப்ரேமுக்குக் கீழ குப்பி மறைஞ்சுடணும். குப்பிய களிமண் உருண்டையில அமுக்கி வச்சா எந்தப் பக்கம் சாய்க்கணுமோ சாய்ச்சுக்கலாம், மண்பானை செய்யறவங்க வீட்டுல கேட்டா குடுப்பாங்க, இல்லாட்டி சப்பாத்தி மாவு கூட போதும். கொடியா இருந்தா மேல இருந்து ஒரு ஸ்டாண்டுல கிளிப் போட்டுத் தொங்க விடுங்க, எப்படி வளந்துச்சோ அப்படியே தொங்கட்டும், நிமித்தி வச்சா அந்தச் செடிய தெரிஞ்சவங்களுக்கு உடனே உறுத்தும். பூவு எந்தத் திசையப் பாத்து இருந்துச்சுன்னு பறிக்கறதுக்கு முன்னாடியே மொபைல்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

அப்புறம் தூசி. வெளிய நம்ம கண்ணுக்குத் தெரியாத மண்ணு, மகரந்தம், சிலந்தி நூலு எல்லாம் வெள்ளையில பூதாகரமாத் தெரியும். ஊதற பல்பால ஊதுங்க, ஒட்டியிருந்தா நனைஞ்ச மெல்லிய பிரஷ்ஷால எடுங்க. அசுவினி, எறும்பு இருந்தா நான் விட்டுடுவேன், ஆவாரம்பூவுல எறும்பு இல்லாம நான் பாத்ததே கம்மி, அதுவும் அந்தச் செடியோட கதைதான்.

எக்ஸ்போஷர், இங்கதான் எல்லாமே இருக்கு

கேமராவுக்குள்ள வெளிச்சத்த அளக்கற மீட்டருக்கு வெள்ளைன்னா என்னன்னு தெரியாது, எதப் பாத்தாலும் ஒரு நடுத்தர சாம்பலாக்கப் பாக்கும். அதனால ஆட்டோல விட்டா வேட்டி சாம்பலா, பூவு கறுப்பா வரும். மேனுவல் மோடு போடுங்க. ட்ரைபாட் கட்டாயம். ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 100, அபெர்ச்சர் (லென்ஸ் ஓட்டையோட அளவு) எஃப் 11ல ஆரம்பிங்க, ஃபைல் ரா ஃபார்மட் (சென்சார்ல விழுந்தத அப்படியே வச்சிருக்கற ஃபைல்).

மொதல்ல பூவ எடுத்துட்டு வெறும் வெள்ளைய மட்டும் ஃப்ரேம்ல வைங்க. ஹைலைட் எச்சரிக்கைய ஆன் பண்ணுங்க, எரிஞ்சு போன எடம் மின்னி மின்னிக் காமிக்கும்ல, அதான். ஷட்டர் வேகத்த ஒவ்வொரு கிளிக்கா குறைச்சுக்கிட்டே டெஸ்ட் ஷாட் எடுங்க. மீட்டர் சொல்றதுக்கு மேல ரெண்டு, ரெண்டரை ஸ்டாப் பக்கத்துல போகும்போது (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு) வெள்ளை மின்ன ஆரம்பிக்கும். ஃப்ரேமோட பெரும்பகுதி மின்னறப்போ நிறுத்துங்க, அங்க இருந்து மூணுல ஒரு பங்கு ஸ்டாப் பின்னால வாங்க. முடிஞ்சுது, இனிமே ஷட்டரத் தொடாதீங்க. எங்க வீட்டு ஜன்னல்ல மேகமான நாள் காலை எட்டு மணிக்கு இது கால் செகண்ட் பக்கத்துல வரும், உங்க வீட்டுல வேற வரும், நம்பர் முக்கியம் இல்ல.

இப்போ பூவ வைங்க. இருட்டா இருக்குன்னு தோணும், உடனே கை ஷட்டருக்குப் போகும். போகக் கூடாது. போனா வெள்ளை எல்லை தாண்டி இதழ் ஓரத்த அரிக்கும், பூவு வெளிச்சமான மாதிரி இருக்கும் ஆனா ஓரத்துல இருந்த ரோமம், நெளிவு, மெல்லிய இதழோட நரம்பு எல்லாம் போயிருக்கும். அதுக்குப் பதிலா தெர்மாகோல கிட்ட கொண்டு வாங்க. இன்னும் போதலன்னா மூணாவதா ஒண்ண கீழ படுக்கப் போடுங்க. வெள்ளை, பூவோட வெளிச்சமான பகுதிய விட ஒரு ஸ்டாப், அதிகம் போனா ஒண்ணரை ஸ்டாப் கூட இருந்தா போதும், அதுதான் எனக்கு எப்பவும் சரியா வர்ற எடம்.

செங்காந்தள வச்சு சொல்றேன், ஏன்னா அது எல்லாத்தையும் ஒரே பூவுல கத்துக் குடுத்துடும். நம்ம மாநிலப் பூ, ஈழத்துல கார்த்திகைப்பூன்னு சொல்லுவாங்க. ஆறு இதழும் மேல் பக்கமா வளைஞ்சு தீ எரியற மாதிரி ஓரம் நெளிஞ்சு இருக்கும், ஆறு மகரந்தக் கம்பி சக்கரம் மாதிரி விரிஞ்சு நிக்கும், சூலகத் தண்டு மட்டும் அடியிலயே சடார்னு பக்கவாட்டுல மடங்கி வெளிய நீட்டிட்டு இருக்கும், அந்த மடிப்பு தெரியற கோணம் கெடைக்கற வரைக்கும் குப்பிய திருப்பிக்கிட்டே இருங்க. இலை நுனி சுருண்டு பற்றுக்கம்பி மாதிரி எதையாவது புடிச்சு ஏறும், அந்த ஒரு சுருளாவது ஃப்ரேம்ல இருக்கணும், அது இல்லாத செங்காந்தள் படம் எனக்குப் பாதிப் படம்தான். இதுல சிக்கல் என்னன்னா சிவப்பு. சாதாரண ஹிஸ்டோகிராம்ல (இருட்டு இடது, வெளிச்சம் வலதுன்னு காமிக்கற கிராஃப்) எல்லாம் பத்திரமா இருக்கற மாதிரி காமிக்கும், ஆனா மூணு கலரும் தனித்தனியா காமிக்கற ஹிஸ்டோகிராம போட்டுப் பாத்தா சிவப்பு மட்டும் வலது சுவத்துல முட்டி நிக்கும், அப்படி முட்டுனா இதழ் பிளாஸ்டிக் மாதிரி ஒரே சிவப்பாயிடும். அப்போ தெர்மாகோல கொஞ்சம் தள்ளுங்க, வெளிச்சம் பின்னாடி இருந்து இதழ ஊடுருவி வரட்டும். அடியில பச்சை மஞ்சள்ல ஆரம்பிச்சு நுனியில சிவப்புல முடியற அந்த மாற்றம், முன்னாடி இருந்து வெளிச்சம் அடிச்சா வராது, பின்னாடி இருந்து வந்தாத்தான் உள்ள விளக்கு ஏத்துன மாதிரி வரும்.

ஒரு நாள் இத கம்ப்யூட்டர்ல பெருசு பண்ணிப் பாத்துட்டு இருந்தப்போ அம்மா பின்னாடி வந்து நின்னாங்க. அதுவரைக்கும் "ஏண்டா இந்தக் களையெல்லாம் வீட்டுக்குள்ள கொண்டாந்து வைக்கிற"ன்னு கேட்டவங்கதான். ரொம்ப நேரம் பாத்துட்டு, "கலப்பைக் கிழங்குக் கொடிதான இது, எங்க ஊர் வேலி பூரா இருக்கும்டா, இத இப்படிப் பாத்ததே இல்ல"ன்னாங்க. அப்புறம் அவங்களே கண்டங்கத்தரி எங்க இருக்குன்னு சொல்லி அனுப்பினாங்க.

ஃபோகஸ்

மேக்ரோ லென்ஸ் 90 இல்ல 100 மில்லிமீட்டர் இருந்தா சந்தோஷம். இல்லன்னா கிட் லென்ஸோட எக்ஸ்டென்ஷன் டியூப் போட்டுக்கோங்க, அதுல கண்ணாடியே கெடையாது, வெறும் குழாய்தான், அதனால விலை கம்மியா கெடைக்கும். ஆட்டோஃபோகஸ அணைச்சுட்டு லைவ் வியூல பெருசு பண்ணி கையால ஃபோகஸ் பண்ணுங்க, ரெண்டு செகண்ட் டைமர் போட்டு கேமராவத் தொடாம எடுங்க.

பூவு கேமரா சென்சார்ல நிஜ அளவுக்கே விழற தூரத்துல எஃப் 11 வச்சாலும் தெளிவா இருக்கற ஆழம் ஒரு மில்லிமீட்டர் பக்கத்துலதான் வரும். எஃப் 22 வச்சா சரியாயிடும்னு தோணும், ஆனா ஓட்டை சின்னதாக சின்னதாக வெளிச்சம் சிதறி படம் மொத்தமுமே மழுங்கிடும். செங்காந்தள் மாதிரி பெரிய பூவுக்கு கொஞ்சம் தள்ளி நின்னு எஃப் 11லயே ஒரே ஷாட்ல அழகா எடுக்கலாம், முன் இதழ் தெளிவா, பின் இதழ் மெல்லக் கரைஞ்சு, அது நல்லாவும் இருக்கும். விஷ்ணுகிராந்தி மாதிரி ஒரு சென்டிமீட்டர் கூட இல்லாத பூவுன்னா ஸ்டாக்கிங்தான், அதாவது ஃபோகஸ் மாத்தி மாத்தி எடுத்த பல ஷாட்ட ஒண்ணாச் சேர்க்கறதுதான் வழி. எஃப் 8 வச்சு, முன்னாடி மகரந்த நுனியில இருந்து பின்னாடி இலை வரைக்கும் ஃபோகஸ் வளையத்த மயிரிழை மயிரிழையா நகத்தி ஒரு இருபது முப்பது ஷாட், அப்புறம் ஹெலிகான், ஜெரீன் இல்ல இலவசமா கெடைக்கற பிக்கோலே மாதிரி ஒரு சாஃப்ட்வேர்ல சேர்த்துடலாம். எடைவெளி அதிகமாப் போனா வெள்ளை பேக்ரவுண்ட்ல இதழ் ஓரத்தச் சுத்தி ஒரு மங்கல் வளையம் வரும், அதனால பத்து ஷாட் கூடுதலா எடுத்தாலும் நஷ்டம் இல்ல. இந்த நேரத்துல யாரும் அறைக்குள்ள நடக்கக் கூடாது, தரை அதிர்ந்தாலே காம்பு ஆடும்.

வெள்ளைப் பூவ வெள்ளையில எடுக்கறது

தும்பை, ஊமத்தை, வெள்ளெருக்கு இதெல்லாம் முடியாதுன்னு விட்டுடறாங்க. முடியும், ஆனா வேலையத் திருப்பிப் போடணும். இப்போ தெர்மாகோல் வேண்டாம், அதே எடத்துல ரெண்டு கறுப்பு சார்ட்ட வைங்க, பூவுக்கு ரெண்டு பக்கமும் ஃப்ரேமுக்கு ஒட்டின மாதிரி. வெள்ளை இதழோட வளைஞ்ச ஓரம் அந்தக் கறுப்ப வாங்கி ஒரு மெல்லிய சாம்பல் கோடா மாறும், பென்சில்ல வரைஞ்ச மாதிரி. கண்ணாடி டம்ளர வெள்ளையில எடுக்கற போட்டோகிராபர்கள் பண்றதும் இதேதான். முன்னாடி வெளிச்சம் மட்டும் கேமராவுக்கு மேல இருந்து ஒரு சின்ன தெர்மாகோல் துண்டுல கொஞ்சம். பேக்ரவுண்ட எல்லைக்குக் கீழயே நிறுத்துங்க, மின்னவே கூடாது. தும்பைக்கு இன்னொண்ணு, பூவ மட்டும் எடுக்காதீங்க, அந்தப் பச்சைக் கொத்து, அதுல இருந்து அங்கங்க எட்டிப் பாக்கற வெள்ளை, இது ரெண்டும் சேர்ந்து இருந்தா பச்சையே வெள்ளைய தூக்கிக் குடுத்துடும்.

மொபைல்ல

செட்டப் அதேதான், மாத்தறதுக்கு ஒண்ணும் இல்ல. வைடு லென்ஸ்ல கிட்ட போயி எடுக்காதீங்க, போன் நிழலே பூவுல விழும், உருவமும் கோணும். 2 மடங்கு இல்ல 3 மடங்கு லென்ஸ் இருந்தா தள்ளி நின்னு அதுல எடுங்க. ஸ்கிரீன்ல தெரியற பூவ விரலால அழுத்திப் பிடிச்சு லாக் பண்ணிட்டு வெளிச்சக் கோட்ட மேல இழுங்க, வெள்ளை வெள்ளையா மாறற எடத்துல நிறுத்துங்க. ஹெச்டிஆர அணைச்சுடுங்க, அது வெள்ளைய திரும்ப சாம்பலாக்கிடும். போர்ட்ரெய்ட் மோடு கூடவே கூடாது, காம்பு ரோமத்தையெல்லாம் வெட்டி எறிஞ்சுடும். போன ஒரு செங்கல்லு மேல சாய்ச்சு வச்சு டைமர்ல எடுத்தா பாதி பிரச்சனை தீர்ந்துச்சு.

ராத்திரியில ஊமத்தை எடுக்கணும்னா லேப்டாப் ஸ்கிரீன முழு வெள்ளையாக்கி ஒண்ணரை அடி பின்னாடி வைங்க, சின்னப் பூவுக்கு அது தாராளம். சீலிங்ல மாட்டற சதுர எல்இடி பேனலும் நல்ல பேக்ரவுண்டு. நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ், அதனால சுமாரான எல்இடி எல்லாம் செகண்டுக்கு 100 தடவை மின்னும், ஷட்டர் வேகமா வச்சா படத்துல பட்டை பட்டையா கோடு விழும், 1/50 இல்ல அதுக்கு மெதுவா வச்சா வராது.

எடிட்டிங்

கேமராவுல சரியா எடுத்திருந்தா இங்க அஞ்சு நிமிஷ வேலை. லைட்ரூம்ல ஒயிட்ஸ் ஸ்லைடர ஆல்ட் கீய அழுத்திட்டே நகத்துங்க, திரை கறுப்பாகி எங்கெல்லாம் முழு வெள்ளை ஆயிடுச்சோ அது மட்டும் வெள்ளையாத் தெரியும். பேக்ரவுண்டு பூரா வெள்ளையாகி பூவோட உருவம் கறுப்பா முழுசா நிக்கணும், பூவுக்குள்ள ஓட்டை விழ ஆரம்பிச்சா நிறுத்திட்டு பின்னால வாங்க. மூலையில சாம்பல் மிச்சம் இருந்தா அத பிரஷ்ஷால தனியா வெளுக்க வைங்க. டார்க்டேபிள், கிம்ப் ரெண்டும் இலவசம், இதே வேலைய அதுலயும் பண்ணலாம். தயவு செஞ்சு மேஜிக் வாண்ட் எடுத்து பூவ கட் பண்ணி புது வெள்ளையில ஒட்டாதீங்க. நாயுருவி முள்ளு, சிறுபூளையோட பஞ்சு இதெல்லாம் அந்த வெட்டுல போயிடும், கத்தரிக்கோலால வெட்டி ஒட்டுன மாதிரி இருக்கும்.

செக் பண்றதுக்கு சுலபமான வழி, படத்த வெள்ளைப் பக்கம் இருக்கற எதுலயாவது போட்டு மொபைல் வெளிச்சத்த முழுசா ஏத்திப் பாருங்க. படத்தோட ஓரத்துல ஒரு சாம்பல் கட்டம் தெரிஞ்சா இன்னும் 255, அதாவது முழு வெள்ளை, வரல. பிரிண்ட் போடறதா இருந்தா 250ல நிறுத்திக்கோங்க, 255ன்னா அந்த எடத்துல மையே விழாது, பூவு காகிதத்துல மிதக்கற மாதிரி ஆயிடும்.

கடைசியா ஒரு வேலை பாக்கி இருக்கு, பூவு வாடறதுக்குள்ள பண்ணணும். அதே லைட்டுல அந்தச் செடியோட இலை மேல்பக்கம், இலை அடிப்பக்கம், இலை தண்டுல சேர்ற கணு, மொட்டு, காய் இருந்தா காய், பூவ பக்கவாட்டுல ஒண்ணு பின்பக்கம் ஒண்ணுன்னு தனித்தனியா எடுத்து வைங்க. செடி என்னன்னு கண்டுபிடிக்கறதுக்கு நேர்ல இருந்து எடுத்த அழகான ஒரு படம் உதவறத விட இந்தப் படங்கள்தான் உதவும். ஃபைல் பேர்ல பறிச்ச தேதி, ஊரு, எந்த மாதிரி எடம், கண்மாய்க் கரையா வயல் வரப்பா ரோட்டோரமா, எல்லாம் போட்டுடுங்க. ஐநேச்சுரலிஸ்ட்ல (செடி, பூச்சியெல்லாம் எங்க பாத்தோம்னு பதிவு பண்ற வெப்சைட்) ஏத்தறதா இருந்தா உங்க வீட்டு லொக்கேஷன போடாதீங்க, செடி நின்ன எடத்தையும் பறிச்ச நேரத்தையும் போடுங்க, கூடவே பறிக்கறதுக்கு முன்னாடி எடுத்த அந்த மொபைல் படத்தையும் சேத்து ஏத்துங்க. வடகிழக்கு மழை பெஞ்சு முடிஞ்ச பிறகு மார்கழி, தை வரைக்கும் கரையெல்லாம் பூவா இருக்கும், பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூவும் பூளைப்பூவும் பறிக்கப் போறப்போ ரெண்டு கொத்து கூடுதலா எடுத்து வச்சுக்கிட்டா அன்னைக்கே ஆரம்பிச்சுடலாம்.